உண்ணாவிரதமும் ஓராள் நாடகமும்

நாடகம் என்பது செயலால் ஆவது. ஒருவர் வருகிறார், மற்றொருவர் தடுக்கிறார், இருவரும் மோதுகின்றனர், மோதலிலிருந்து கதை வளர்கிறது. ஆனால் மேடையில் ஒரே ஒருவர் இருக்கிறார், அவரும் சிறைக் கட்டிலில் படுத்திருக்கிறார், அவர் செய்யும் செயலெல்லாம் உண்ணாமல் இருப்பது ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனை நாடகமாக்க முடியுமா?

நேயர்களே, இந்த வினாவுக்கு விடை தேடி ஓராண்டுக் காலம் உழன்றவன் நான். அயர்லாந்தின் விடுதலைப் போரில் 74 நாட்கள் உண்ணாவிரதம் இருந்து இலண்டன் சிறையில் உயிர் நீத்த டெரன்ஸ் மாக்ஸ்வினியைப் பற்றி ஓராள் நாடகம் ஒன்று எழுத முற்பட்டேன். இருமுறை எழுதிக் கிழித்தேன். மூன்றாம் முறை எழுதியது ஒருவாறு நிலைத்தது. அம்முயற்சியில் அந்த வரலாற்றைப் பற்றியும், இந்த நாடக வகையைப் பற்றியும் நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். அயர்லாந்தின் தெற்கே கார்க் என்றொரு நகரம் உண்டு. அந்நகரத்தின் மேயராக இருந்த தோமாஸ் மக்கர்ட்டன் 1920-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையுண்டவரின் நாற்காலியில் அமர மாக்ஸ்வினி முன்வந்தார். அப்பதவியை ஏற்றபோது அவர் ஆற்றிய உரையின் கருத்து இது: இந்தப் போரில் மிகுதியாகத் துன்புறுத்துவோர் வெல்லமாட்டார், மிகுதியாகத் துன்பத்தைத் தாங்குவோரே வெல்வர். ஐந்து திங்களுக்குள் அந்தச் சொல்லுக்கு அவர் விலை கொடுக்க நேர்ந்தது.

ஆகஸ்டு 12-ஆம் நாள் நகர மண்டபத்திலேயே அவரைப் படையினர் கைது செய்தனர். இராணுவ நீதிமன்றம் ஈராண்டுச் சிறை விதித்தது. தம்மை விசாரிக்க அந்த நீதிமன்றத்திற்கு உரிமை இல்லை என்று கூறிய மாக்ஸ்வினி, தம் சிறைவாசத்தின் அளவைத் தாமே முடிவு செய்துவிட்டதாகவும், உயிரோடோ பிணமாகவோ ஒரு திங்களுக்குள் விடுதலை பெற்றுவிடப் போவதாகவும் சொன்னார். அவரைக் கடல் கடத்தி இலண்டனில் உள்ள பிரிக்ஸ்டன் சிறையில் அடைத்தனர். ஒரு திங்கள் என்று அவர் எண்ணினார். அவர் உடலோ இரண்டு திங்களையும் கடந்து நின்றது. உலகத்துச் செய்தித்தாள்கள் அவர் நிலையை நாள்தோறும் வெளியிட்டன. இத்தனை நாள் ஒருவன் உண்ணாமல் உயிரோடிருக்க முடியுமா, மறைவாக உணவு ஊட்டுகிறார்களோ என்று ஐயுற்றவர்களும் இருந்தார்கள். பிரதமர் லாயிட் ஜார்ஜின் அரசு விட்டுக்கொடுக்கவில்லை. அக்டோபர் 25-ஆம் நாள் விடியற்காலையில் மாக்ஸ்வினி இறந்தார். அப்போது அவருக்கு வயது 41. மனைவி முரியலையும், இரண்டு வயதுப் பெண் குழந்தையையும் விட்டுச் சென்றார்.

இனி, உண்ணாவிரதம் என்னும் இந்தப் படைக்கலம் அயர்லாந்துக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அதனை அறிந்தாலன்றி நாடகத்தின் உயிர்நாடி பிடிபடாது. அயர்லாந்தின் பண்டைச் சட்ட நூல்களில் 'டிராஸ்கட்' என்றொரு முறை கூறப்பட்டிருக்கிறது. எளியவன் ஒருவனுக்கு உயர்ந்த நிலையில் உள்ளவன் கடன்பட்டிருக்கிறான், அல்லது தீங்கு இழைத்திருக்கிறான். அவனோடு போரிட எளியவனுக்கு வலிமை இல்லை. அவன் செய்யக்கூடியது ஒன்றே: பெரியவனுடைய வீட்டு வாசலில் சென்று பட்டினி கிடக்கலாம். வாசலில் ஒருவன் பசித்திருக்க, உள்ளே இருப்பவன் ஈடு கொடுக்காமல் உண்பானாயின் அவன் தன் மதிப்பை இழப்பான். கொடுக்க வேண்டியதும் இருமடங்காகும். அதேபோல், நியாயமான ஈடு கொடுக்க முன்வந்த பின்னும் ஒருவன் பட்டினியை நிறுத்தாவிட்டால், அவன் தன் உரிமையை இழப்பான். சட்டம் இருபக்கமும் வரம்பு கட்டியிருந்தது. கல்கத்தாவில் வைசிராயின் சட்ட உறுப்பினராக இருந்து இங்கிலாந்து திரும்பிய ஹென்றி மெய்ன், 1875-இல் வெளியிட்ட நூலில், இந்த முறை நம் நாட்டின் 'தர்ணா'வை ஒத்திருப்பதை எடுத்துக்காட்டினார்.

வடக்கிருத்தல் என்னும் சொல் தமிழருக்குப் புதிதன்று. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் துறந்ததைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. வடக்கிருப்பவன் திசையை நோக்கி இருக்கிறான். அவன் எவரிடமும் எதனையும் கேட்பதில்லை. வாசலில் இருப்பவனோ கதவை நோக்கி இருக்கிறான். உள்ளே இருப்பவனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். முன்னது துறவு, பின்னது வழக்கு. உண்ணாவிரதம் தனி மனிதன் ஒருவனின் செயலாகத் தோன்றினும், எதிரே ஒருவர் இருந்தாலன்றி அது நடவாது. இந்த ஓர் உண்மைதான் என் நாடகத்திற்குத் திறவுகோலாயிற்று.

இதனை எனக்கு முன்பே கண்டுகொண்டவர் கவிஞர் யேட்ஸ். 'அரசனின் வாசற்படி' என்று பொருள்படும் பெயருடைய அவர் நாடகம் 1903-ஆம் ஆண்டு டப்ளின் நகரில் மேடையேறியது. அரசவையில் கவிஞர்களுக்கு இருந்த இடத்தை மன்னன் பறிக்கிறான். ஷானகன் என்னும் தலைமைக் கவிஞன் அரண்மனைப் படிக்கட்டில் பட்டினி கிடக்கிறான். மாணவர் வருகின்றனர், துறவி வருகிறார், அவன் காதலி வருகிறாள், எல்லாரும் உண்ணும்படி வேண்டுகின்றனர். அவன் பிறந்த ஊரின் மேயரும் வந்து, அரசனைப் பகைத்துக்கொள்ளாதே என்று அறிவுரை கூறுகிறார். மேடையில் சிரிப்புக்கு இடமளிக்கும் பாத்திரம் அந்த மேயர். 17 ஆண்டுகளுக்குப் பின் உண்மை உலகில் ஒரு மேயரே பட்டினி கிடந்து இறப்பார் என்று அன்று எவர் நினைத்திருப்பர்? அந்நாடகத்தின் முதல் வடிவில் இறுதியில் மன்னன் பணிகிறான், கவிஞன் பிழைக்கிறான். மாக்ஸ்வினியின் மறைவுக்குப் பின் யேட்ஸ் முடிவை மாற்றி எழுதினார். 1922-இல் வெளிவந்த வடிவில் கவிஞன் வாசலிலேயே இறக்கிறான்.

மாக்ஸ்வினியும் நாடக ஆசிரியர்தாம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1908-இல் டேனியல் கார்க்கரி முதலிய நண்பர்களோடு சேர்ந்து கார்க் நகரில் நாடகச் சங்கம் ஒன்றை நிறுவியவர் அவர். 'புரட்சியாளன்' என்னும் அவர் நாடகம் 1914-இல் அச்சாயிற்று. அவர் இறந்து நான்கு திங்கள் கழிந்த பிறகே, 1921 பிப்ரவரியில், டப்ளினின் புகழ்பெற்ற ஆபி அரங்கில் மேடையேறியது. ஆகவே, பார்ப்பவர் இல்லாமல் நாடகம் இல்லை என்பதை மாக்ஸ்வினி நன்கு அறிந்திருந்தார் என்று கொள்வதில் தவறில்லை. இதனால் அவர் தியாகத்தை வெறும் நடிப்பு என்று நான் சொல்வதாக எவரும் கருதவேண்டாம். எவர் வாசலில், எவர் காண இருக்கிறோம் என்பதை அறிந்தே அவர் இருந்தார் என்பதுதான் என் கருத்து.

இனி ஓராள் நாடகம். ஒரே நடிகர் மேடையில் நின்று ஒரு முழுக் கதையையும் நடத்திச் செல்வது அது. கதாகாலட்சேபம் கேட்டுப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. ஒரே பாகவதர் இராமனாகவும் கைகேயியாகவும் குகனாகவும் பேசுவதை நாம் கேட்டதில்லையா? அயர்லாந்திலும் மைக்கேல் மக்லியாமர் என்னும் நடிகர் 1960-இல் ஆஸ்கார் வைல்டின் வாழ்வைத் தனியொருவராக மேடையில் நிகழ்த்தி, பல நாடுகளிலும் புகழ் பெற்றார். இவ்வகை நாடகத்தில் நடிகருக்கு எதிரே வேறு நடிகர் இல்லை. அவர் யாரிடம் பேசுகிறார்? நம்மிடம்தான். நாம் இருட்டில் அமர்ந்து பார்க்கிறோம். அவர் வெளிச்சத்தில் இருந்து கேட்கிறார். நாம் விடை சொல்வதில்லை. அரசன் வீட்டு வாசலில் நடப்பதும் இதுவே அன்றோ? மேடையின் விளிம்புதான் வாசற்படி. உள்ளே அமர்ந்து உண்பவன் இடத்தில் நாம் இருக்கிறோம். உண்ணாவிரதத்திற்கும் ஓராள் நாடகத்திற்கும் உள்ள பொருத்தம் இதுதான்.

பொருத்தம் கண்டது எளிது, எழுதுவது கடினமாயிற்று. முதல் இடர், தொடக்கத்தில் சொன்னதுபோல், செயல் இன்மை. மாக்ஸ்வினியின் சிறை வாழ்வைப் பற்றிப் படித்தபோது ஒரு செய்தி எனக்குக் கைகொடுத்தது. அவர் கட்டிலருகே உணவு வைக்கப்பட்டு வந்தது. அப்படியாயின் உண்ணாவிரதம் ஒருநாள் எடுத்து முடித்துவிட்ட முடிவன்று. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தட்டின் முன்னும், புதிதாக எடுக்க வேண்டிய முடிவு அது. கையை நீட்டினால் எட்டும் தொலைவில் ஒரு தட்டு இருக்கிறது; கை நீள்வதில்லை. பார்ப்பவர் கண் அந்தத் தட்டை விட்டு அகலாது. ஆகவே என் மேடையில் மூன்று பொருள்கள் போதும் என்று முடிவு செய்தேன்: ஒரு கட்டில், ஒரு தட்டு, பார்க்க வருவோருக்காக ஒரு நாற்காலி.

இரண்டாம் இடர் உடல். பட்டினியின்போது முதல் ஓரிரு நாட்களில் ஈரலில் சேர்ந்துள்ள சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடுகிறது. பிறகு உடல் தன் கொழுப்பை எரித்து வாழ்கிறது. மூளையும் அக்கொழுப்பிலிருந்து உண்டாகும் பொருளைக் கொண்டு இயங்கப் பழகுகிறது. கொழுப்பு குறையக் குறையத் தசை கரைகிறது. பல வாரங்கள் சென்றபின் வைட்டமின் குறைவால் தலைசுற்றலும் குமட்டலும் தோன்றி, கண்பார்வையும் கெடலாம். வயிறு நிறைய உண்டுவிட்டு வந்த நடிகர் இவற்றையெல்லாம் நடித்துக் காட்ட முயன்றால் அது பொய்யாகும், இறந்தவருக்கு இழிவுமாகும். எனவே நடிகர் மெலிவை நடிக்க வேண்டாம் என்று எழுதினேன். மேடையில் அவர் நடமாடும் எல்லை மட்டும் குறுகிக்கொண்டே வரும். முதலில் அறை முழுவதும் நடப்பார்; பிறகு கட்டிலைச் சுற்றி; பிறகு கட்டிலில் அமர்ந்து; இறுதியில் குரல் மட்டும்.

இவ்வளவும் அமைந்தபின் முதல் வடிவத்தை எழுதி முடித்தேன். ஒரு மாலையில் அதனை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். மாக்ஸ்வினியின் வாயில் வீர உரைகளை நிறைய வைத்திருந்தேன். என் குரலே தழுதழுத்தது. படித்து முடித்ததும் அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மாள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாளே, வீட்டுக்குப் போய் அவள் சாப்பிட்டிருப்பாளா?" என்று கேட்டாள்.

என்னால் விடை சொல்ல முடியவில்லை. முரியல் என் நாடகத்தில் இரண்டு இடங்களில் அழுதாள், அவ்வளவுதான். மாக்ஸ்வினியின் மனைவியும், உடன்பிறந்த சகோதரிகளும், சகோதரர் ஷானும், டாமினிக் என்னும் கப்புச்சின் துறவியும் அந்தக் கட்டிலருகே மாறி மாறி அமர்ந்திருந்தார்கள். உண்ணாதவர் ஒருவர், அவருக்கு முன்னும் பின்னும் உண்ண வேண்டியவர்கள் இவர்கள். உண்ணு என்று முரியல் சொன்னால் கணவரின் உறுதியைக் குலைத்தவள் ஆவாள்; உண்ணாதே என்று சொன்னால் தன் குழந்தையின் தந்தையைச் சாகச் சொன்னவள் ஆவாள். இந்த இக்கட்டை நான் எழுதவே இல்லை. அந்த வடிவத்தைக் கிழித்தேன்.

இரண்டாம் வடிவத்தையும் கிழிக்க நேர்ந்தது. அதற்குக் காரணம் வேறு. ஓராள் நாடகம் என்பதாலேயே ஒரு மனிதரைத் தவிர ஏனையோர் மறைந்துவிட்டனர். வரலாறு அப்படிப்பட்டதன்று. மாக்ஸ்வினி கைதாவதற்கு முதல் நாளே கார்க் சிறையில் கைதிகள் பலர் உண்ணாவிரதம் தொடங்கியிருந்தார்கள். அவர் அவர்களோடு சேர்ந்துகொண்டவர்தாம். அவர்களுள் மைக்கேல் பிட்ஸ்ஜெரால்டு 67 நாட்களுக்குப் பின் அக்டோபர் 17-இல் இறந்தார். ஜோசப் மர்பி 76 நாட்களுக்குப் பின், மாக்ஸ்வினி இறந்த அதே நாளில், சில மணி நேரம் கழித்து இறந்தார். ஒருவர் மேயர், இலண்டனில் இறந்தார், உலகம் அறிந்தது. மற்றவர் எளிய இளைஞர். தம் ஊர்ச் சிறையில் இறந்தார். அவர் பெயரை இன்று எத்தனை பேர் அறிவர்? எஞ்சியவர்களை நவம்பர் 12-ஆம் நாள் ஆர்தர் கிரிபித் நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார். 94 நாட்களுக்குப் பின் அவர்கள் உணவு கொண்டார்கள். இறந்தவரைப் போற்றும் நாம், அத்தனை நாளும் அதே உறுதியோடு இருந்து, நிறுத்து என்ற சொல்லுக்கும் கட்டுப்பட்டு, பின்னர் உயிர் வாழ்ந்தவரை மறந்துவிடுகிறோம். சாவு இல்லையேல் தியாகம் இல்லை என்று பார்ப்பவருக்குக் கற்பிக்கும் நாடகம் தீங்கான நாடகம். இளைஞர்கள் பார்க்கும் மேடையில் அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை, துணியவும் கூடாது.

மற்றொரு வினாவும் இருக்கிறது. இது தற்கொலையா? கத்தோலிக்க சமயம் தற்கொலையைப் பாவம் என்கிறது. மாக்ஸ்வினியோ ஆழ்ந்த பக்தி உடையவர். அந்நாளிலேயே சமய அறிஞர்கள் இதனை ஏடுகளில் வாதிட்டார்கள். இறக்க வேண்டும் என்பது அவர் நோக்கமன்று, அநீதியை எதிர்ப்பதே நோக்கம், சாவு அதன் விளைவாக நேரக்கூடியது மட்டுமே என்று ஒரு சாரார் கூறினர். மறுசாரார் இதனை ஏற்கவில்லை. நாடக ஆசிரியன் இதில் தீர்ப்புக் கூறவேண்டியதில்லை. ஆனால் வினாவை மறைக்கவும் கூடாது.

இந்தக் கடமை பிற்காலத்து உண்ணாவிரதங்களை எழுதுவோருக்கு இன்னும் மிகுதி. 1981-ஆம் ஆண்டு வட அயர்லாந்தின் மேஸ் சிறையில் பாபி சாண்ட்ஸ் மார்ச் 1-ஆம் நாள் உண்ணாவிரதம் தொடங்கினார். சிறைச் சீருடை அணியாமை, சிறை வேலை செய்யாமை முதலிய ஐந்து கோரிக்கைகள் அவருடையவை. ஏப்ரல் 9-ஆம் நாள் சிறையில் இருந்தபடியே பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மே 5-ஆம் நாள், 66 நாட்களுக்குப் பின், 27-ஆம் வயதில் இறந்தார். அவரையடுத்து ஒன்பது பேர் இறந்தார்கள். நினைவிழந்த சிலருக்குக் குடும்பத்தாரே மருத்துவம் செய்ய இசைந்து உயிரைக் காத்தனர். அந்தத் தாய்மாரும் மனைவிமாரும் எதிர்கொண்ட இரவுகளை எண்ணும்போது, என் மனைவியின் கேள்வி என் காதில் மீண்டும் ஒலிக்கிறது. முதல் 17 நாட்களுக்குச் சாண்ட்ஸ் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. தனிக்குரலாக மேடையில் பேசத்தக்கது அது. ஆனால் அதனைப் பெல்பாஸ்டில் நடிக்கும் ஒருவர், அவையில் சாண்ட்ஸின் நண்பர்கள் மட்டுமன்றி, அவர் சார்ந்த இயக்கத்தின் குண்டுகளுக்கு உறவினரைப் பறிகொடுத்தவர்களும் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது. வாசலுக்கு உள்ளே இருப்பவர் எல்லாரும் கொடிய அரசர்கள் அல்லர்.

மூன்றாம் வடிவத்தில் என் நாடகம் எப்படி முடிகிறது என்பதைச் சொல்லி நிறுத்துகிறேன். தன் சாவைத் தானே சொல்வது எவராலும் இயலாது. மாக்ஸ்வினியோ அக்டோபர் 20-ஆம் நாள் அளவில் நினைவிழந்தார். நினைவற்ற நிலையில் மருத்துவர்கள் திரவ உணவு புகட்டினார்கள். கடைசி நாட்களில் பேசும் உரிமை கூட அவரிடம் இல்லை. ஆகவே அந்த இடத்தில் நடிகர் கட்டிலை விட்டு எழுகிறார். நாற்காலியில் சென்று அமர்கிறார். இப்போது அவர் முரியல். எதிரே கட்டில் வெறுமையாக இருக்கிறது. தட்டில் உணவு இருக்கிறது. நெடுநேரம் அதனைப் பார்க்கிறார். பிறகு எழுந்து, அவையை நோக்கிச் சில பெயர்களைச் சொல்கிறார்: மைக்கேல் பிட்ஸ்ஜெரால்டு, டெரன்ஸ் மாக்ஸ்வினி, ஜோசப் மர்பி, அவர்களைத் தொடர்ந்து, 94-ஆம் நாள் உணவு கொண்டு பிழைத்தவர்களின் பெயர்கள். திரை விழுகிறது.

அந்தப் பெயர் வரிசை அயர்லாந்தோடு முடியவில்லை. 1929 செப்டம்பர் 13-ஆம் நாள் லாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் உண்ணாவிரதத்திற்குப் பின் உயிர் நீத்தபோது, கடல் கடந்து ஒரு தந்தி வந்தது. மாக்ஸ்வினியின் குடும்பத்தார் அச்செய்தியைத் துயரத்தோடும் பெருமையோடும் கேட்டதாகவும், விடுதலை வந்தே தீரும் என்றும் அதில் கண்டிருந்தது. அனுப்பியவர் மாக்ஸ்வினியின் சகோதரி மேரி. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பிரிக்ஸ்டன் சிறையில் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவர்களுள் அவரும் ஒருவர்.